ஐந்தாவது பட்டன்

கரிசல் காட்டின் நடுவே நாகலூரணி என்றோர் ஊர். அந்த ஊரைத் தண்டவாளம் இரண்டாக வகுந்துகொண்டு போயிற்று. வீடுகளெல்லாம் மேற்கே, தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்களும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் கிழக்கே என்று ஊர் எப்படியோ அமைந்துவிட்டதால், மேற்கே விழித்தெழுந்தவர்கள் அத்தனை பேரும் கிழக்கே போய்ச் சேர ஒரே ஒரு ரயில்வே கேட்டைக் கடந்தாக வேண்டியிருந்தது. கேட்டின் இரண்டு கம்பங்களையும் ஏற்றி இறக்க ஓர் இரும்புச் சக்கரம் இருந்தது. அந்தச் சக்கரத்தைச் சுற்றத் தவமணி இருந்தாள்.

தவமணிக்கு முப்பத்து நான்கு வயது. கணவன் லாரியில் வடக்கே போய் மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருகிறவன். மகள் மாரிச்செல்விக்கு எட்டு வயது. மாரிச்செல்விக்கு ஆட்டிசம் என்று நான்காவது வயதில் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால், கேட் அறையில் தொங்கும் டெலிபோனில் ஸ்டேஷன் மாஸ்டரும் அம்மாவும் பேசிக்கொள்வதை அப்படியே, அதே இழுவையோடு, தான் நினைத்த நேரத்தில் திருப்பிச் சொல்வாள். “கேட் அடைச்சாச்சா?” என்று கேட்பாள், “அடைச்சாச்சு” என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். அவளுடைய விரல்கள் சொன்னவுடன் கேட்கிற விரல்களல்ல. ஒரு பட்டனைப் பிடிக்க வேண்டும் என்று அவள் நினைப்பதற்கும் விரல் போய்ப் பிடிப்பதற்கும் நடுவே நீளமாக ஒரு தெரு இருந்தது, அந்தத் தெருவில் வழி தப்பிப் போகும் நாட்களும் இருந்தன.

வீட்டில் தனியாக விட முடியாது என்பதால், காலை டூட்டியின்போது மகளையும் கேட் அறைக்கே கூட்டி வந்துவிடுவாள் தவமணி. ஏழு ஐம்பத்திரண்டு பாசஞ்சருக்காகக் கேட்டை அடைத்து ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டால், ரயில் வந்து போக ஆறேழு நிமிடம் உண்டு. அந்த ஆறேழு நிமிடத்துக்குள் மகளுக்கு யூனிபார்ம் பாவாடையைக் கட்டி, சட்டையின் ஐந்து பட்டனையும் போட்டு, தலையை இறுக்கிப் பின்னிவிட்டு, பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பது மூன்று வருடமாகத் தவமணியின் வழக்கம். சட்டை என்பது அம்மாவின் கையிலிருந்து வந்து உடம்பில் சேர்கிற ஒன்று என்று மாரிச்செல்வியும் நினைத்திருந்தாள்.

அந்த வழக்கத்தைக் கலைத்தவள் எப்சிபா. வியாழக்கிழமைதோறும் வட்டார வள மையத்துக்கு வருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஊருக்குத் தெரபி டீச்சர். பிள்ளைகளைச் சப்பாத்தி மாவு பிசைய வைப்பாள், துணிக்கிளிப்பைக் கொடியில் மாட்டிக் கழற்ற வைப்பாள், பிளாஸ்டிக் டப்பா மூடியில் கீறல் போட்டு அதற்குள் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தள்ள வைப்பாள், நுணுக்கமான வேலைக்கு முன்னால் சுவரை இரண்டு உள்ளங்கையாலும் பத்துத் தடவை பலமாகத் தள்ளச் சொல்வாள். சுவர் நகராது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், தள்ளிய பிறகு தோளும் கையும் எங்கே இருக்கின்றன என்பது உடம்புக்குத் தெரியவரும் என்பாள். ஆடி மாதத்து வியாழன் ஒன்றில் அவள் தவமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள்.

“சட்டை பட்டன் யாருக்கா போடுதது?”

“நான்தான் டீச்சர்.”

“அஞ்சுமா?”

“அஞ்சும்தான். ரயில் நிக்குமா நமக்காக?”

“இனி நாலு நீங்க போடுங்க. கீழ உள்ள அஞ்சாவது அவ கண்ணுக்கு நல்லாத் தெரியும். அதைக் காஜாவுக்குள்ள பாதி நுழைச்சு விட்டுட்டுக் கையை எடுத்துருங்க. வெளிய இழுக்கிறது மட்டும் அவ.”

“கடைசியில இருந்தா ஆரம்பிப்பாங்க?”

“கடைசியில இருந்துதான். அது நல்லா வந்தபெறகு நுழைக்கிறதும் அவ. அப்புறம் நாலாவது. எந்த நாளும் முடிக்கிறது அவ கையா இருக்கணும், அவ்வளவுதான்.”

தவமணி தலையாட்டினாள். திங்கட்கிழமை காலையில் நான்கு பட்டனைப் போட்டு, ஐந்தாவதைக் காஜாவுக்குள் பாதி நுழைத்து, கையை எடுத்துக்கொண்டாள். பாசஞ்சர் வந்தது, போயிற்று. ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். சக்கரம் சுற்றவில்லை.

துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளவில்லை, சங்கிலி அறுபடவில்லை. நடக்க விருப்பமில்லாத மாடு நிற்பதுபோலச் சக்கரம் சும்மா நின்றது. மேற்குப் பக்கம் டவுன் பஸ்ஸிலிருந்து டிரைவர் குருவையா ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு இறங்கி வந்து தானும் ஒரு கை கொடுத்தார், பிறகு கண்டக்டர் வேலு வந்தான், டீக்கடையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஏழு பேரும் சேர்ந்து தம் கட்டித் தள்ளியும் அது இம்மி அசையவில்லை. இருபத்திரண்டாவது நிமிடத்தில் கேட் அறைக்குள்ளிருந்து, “கேட் அடைச்சாச்சு” என்று அம்மாவின் டெலிபோன் குரலில் மாரிச்செல்வி சொன்னாள். அந்த நொடியில் சக்கரம் நெய்யில் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்ள, ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கம்பம் இரண்டும் வானத்தைப் பார்த்து எழுந்தன. தவமணி எட்டிப் பார்த்தபோது ஐந்தாவது பட்டன் காஜாவைவிட்டு முழுதாக வெளியே வந்து, கொஞ்சம் சாய்ந்து, அதன் இடத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை தவமணி பயந்துபோய், ஐந்தையும் தானே போட்டுவிட்டாள். அன்று சக்கரம் எட்டே முக்கால் வரைக்கும் அசையவில்லை, கடைசியில் ஐந்தாவது பட்டனைக் கழற்றிப் பாதி நுழைத்து விட்டுவிட்டு வந்து, மகள் இழுத்து முடித்த பிறகுதான் சுற்றியது. அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிள்ளை பட்டனை முடிக்கிறவரைக்கும் கேட் திறக்காது என்பதை, மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும் என்பதைப்போல ஊர் எடுத்துக்கொண்டது.

கேட் அறையில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அடைத்த நேரம், திறந்த நேரம், தாமதமானால் காரணம் என்று அதில் கட்டங்கள். காரணக் கட்டத்தில் தவமணி, பொய் எழுத மனம் வராமல், ‘பட்டன்’ என்று எழுதினாள். ரயில்வேயிலிருந்து மூன்று பேர் டிராலியில் வந்தார்கள். சங்கிலியை மாற்றினார்கள், பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தார்கள், ஒரு பகல் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். பகலிலும் மாலையிலும் கேட் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மறுநாள் காலையில் சக்கரம் நின்றதையும் கூட இருந்து பார்த்துவிட்டு, ‘கருவியில் குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. 108 வண்டிக்காரர்கள் மூன்றாவது நாளே, ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் போகிற தெற்குப் பாலத்து வழிக்கு மாறிக்கொண்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ்கள் காலைச் சங்கை அரைமணி தள்ளி ஊதின. டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சைக் கேட்டுக்கு அருகே கொண்டுவந்து போட்டார். பூக்காரி பூவைக் கட்டாமல் உதிரியாகவே கொண்டுவந்து அங்கே உட்கார்ந்து கட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கேட்டில்தான் எழுதினார்கள், எழுதாதவர்கள் எழுதியவர்களைப் பார்த்து எழுதினார்கள். மூன்று மாதத்துக்குள் அந்தக் கேட்டில் இரண்டு சம்பந்தம் பேசி முடிந்தது, பன்னிரண்டு வருடமாகப் பேசாதிருந்த ஓர் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் வேறு இடமில்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். எப்போது வந்தாய் என்று கேட்டால், “பட்டனுக்கு முந்தி வந்துட்டேன்”, “பட்டன் முடிஞ்சுதான் வந்தேன்” என்று மணி சொன்னார்கள்.

எப்சிபாவின் பாடத்தில் எந்த இடத்தில் பிள்ளை இருக்கிறாள் என்பதும் காத்திருக்கும் நேரத்தை வைத்தே ஊருக்குத் தெரிந்தது. இழுப்பது மட்டும் என்ற வாரங்களில் இருபது நிமிடம் பத்தாகி, பத்து நான்காகிக் குறைந்துகொண்டே வரும். எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது எப்சிபா அடுத்த படியைக் கொடுப்பாள். மறுபடி முப்பது நிமிடம் ஆகும். டவுன் பஸ்ஸில் எப்சிபா ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிட்டு விசாரிப்பார்கள்.

“டீச்சர், நாலாவது எப்போ?”

“இப்பதான் அஞ்சாவது முழுசா வந்திருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?”

“பொங்கலுக்குள்ள அஞ்சும் முடிஞ்சுருமா?” என்று கேட்டார் வியாபாரிகள் சங்கத் தலைவர் தனுஷ்கோடி, பொங்கல் சீசனுக்குச் சரக்கு வரவேண்டிய கவலை அவருக்கு.

“நீங்க சைக்கிள் பழக எத்தனை நாளாச்சு அண்ணாச்சி?”

“நான் இன்னும் பழகலியே!”

பஸ் முழுக்கச் சிரித்தது. தனுஷ்கோடியும் சிரித்தார்.

ஊர் உதவியும் செய்தது. உதவி என்று வந்தால் நாகலூரணிக்காரர்களை நிறுத்த முடியாது. கால் வலித்தால் வெள்ளியில் கால் செய்தும், கண் நோய்க்கு வெள்ளியில் கண் செய்தும் அம்மன் கோயில் உண்டியலில் போடுகிற வழக்கம் அங்கே உண்டு; ஆவணி மாதத்தில் யாரோ ஒருத்தி ஆசாரியிடம் சொல்லி நான்கு துளையோடு வெள்ளியில் ஒரு பட்டன் அடித்துப் போட்டாள்; புரட்டாசியில் உண்டியலைத் திறந்தபோது நூற்றுப் பதினோரு வெள்ளிப் பட்டன் இருந்தது. டெய்லர் தேங்காய்ச் சில்லு அகலத்துக்குப் பட்டன் வைத்து ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்தார். சுவரைத் தள்ளினால் கைக்கு நல்லது என்று கேள்விப்பட்டவர்கள் காத்திருக்கும் நேரத்தில் பஸ்ஸின் பக்கவாட்டைத் தள்ளினார்கள், “யாரு தள்ளுனாலும் அந்தப் பிள்ளைக்குப் போயிச் சேருமா?” என்று குருவையா கத்தினார், ஆனாலும் பஸ் லேசாக ஆடுவது அவருக்குத் தூக்கத்துக்குச் சுகமாக இருந்தது.

எல்லா உதவியிலும் பெரிய உதவியைத் தனுஷ்கோடி செய்தார். தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசி, மாரிச்செல்விக்கு மட்டும் பட்டனே இல்லாத பனியன் துணிச் சட்டை போட்டுவர அனுமதி வாங்கி, பள்ளிக்கூடத்து நிறத்திலேயே நான்கு எடுத்து, பையில் போட்டு, ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் தானே கேட் அறைக்குக் கொண்டுவந்தார். “தலை வழியா மாட்டினா முடிஞ்சுது. பிள்ளைக்கும் கஷ்டமில்ல, ஊருக்கும் கஷ்டமில்ல” என்றார். தவமணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பழைய சட்டை இரண்டையும் துவைக்கப் போட்டுவிட்டு, மறுநாள் புதுச்சட்டையை மகளுக்கு மாட்டிவிட்டாள்.

பாசஞ்சர் போயிற்று, சக்கரம் நின்றது. எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. முடிப்பதற்குப் பட்டனே இல்லாத சட்டையில் எதை முடிப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை. மாரிச்செல்வி தன் வயிற்றுப் பக்கத்தில், ஐந்தாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில், துணியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சட்டை இரண்டும் வாளித் தண்ணீரில் இருந்தன. கடைசியில் குருவையா தன் காக்கிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அது அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது, ஆறு பட்டன் இருந்தது. தவமணி மேலிருந்து ஐந்தைப் போட்டு, ஆறாவதை அவளிடம் விட்டாள். ஒன்பது நாற்பதுக்குக் கேட் எழுந்தது. அன்று நாள் முழுக்க ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததையும், ஒரு டிரைவர் கைவைத்த பனியனோடு நான்கு டிரிப் பஸ் ஓட்டியதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை. தனுஷ்கோடி மட்டும் ஒரு வாரம் தெற்குப் பாலம் வழியாகப் போய் வந்தார்.

ஆனால் ஒன்பது நாற்பது என்பது ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது, மேலே போய்விட்டது. கார்த்திகை பிறந்ததும் தவமணிக்கு ஒரு கடிதம் வந்தது. கேட் அறையில் ஊழியர் அல்லாதவர்கள் இருப்பது விதிக்கு விரோதம். இருபத்து நான்காம் தேதி காலை அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார். விதி மீறல் உறுதியானால், மலையடிவாரத்தில் இருக்கும் வேறொரு கேட்டுக்கு அவள் மாற்றப்படுவாள். அந்தக் கேட்டைத் தவமணிக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரே பஸ். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். வள மையம் என்பதோ எப்சிபா என்பதோ அங்கே கிடையாது. வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. போனால், இப்போது மூன்றைத் தானும் மீதி இரண்டை மகளுமாகப் போடுகிற சட்டை, அந்த இரண்டோடு நின்றுவிடும்.

தவமணி கணக்குப் போட்டாள்: அதிகாரி வரும் நாளில் ரயில் போகிற நேரத்துக்குள் பட்டன் முடிந்துவிட்டால், சக்கரம் சுற்றிவிடும், சுற்றிவிட்டால் அவர் வேறு எதையும் கேட்கமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து, பட்டனைப் போடச் சொன்னாள், கழற்றி மறுபடி போடச் சொன்னாள், சீக்கிரம் என்றாள், இன்னும் சீக்கிரம் என்றாள். பதினோராவது தடவையில் மாரிச்செல்வி தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். திங்களும் செவ்வாயும் பட்டனைத் தொடவே ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் ஆயிற்று; ஊர் காத்திருந்தது.

“மணிக்கட்டுல என்ன தழும்பு?” என்றாள் எப்சிபா வியாழக்கிழமை.

தவமணி சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அழுதுவிட்டாள்.

“அழாதீங்கக்கா. ஒண்ணு கேக்கேன். ரயில் லேட்டா வந்தா நீங்க சக்கரத்தை முன்னாடியே சுத்திருவீங்களா?”

“அது எப்படி டீச்சர்? ரயில் போவணும்லா?”

“அவளுக்கும் ஒரு ரயில் போவணும். அது போற நேரம் அவளுக்குத்தான் தெரியும். நீங்க கொடியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

இருபத்து நான்காம் தேதி அதிகாரி ஏழு மணிக்கே வந்துவிட்டார்; ஐம்பது வயது இருக்கும், சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. செய்தி தெரிந்து ஊரும் வந்துவிட்டது. பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்பதால் வண்டிகளையெல்லாம் தொலைவிலேயே அணைத்துவிட்டு, தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்; குருவையாவின் பஸ்ஸையும் கடைசி நூறு அடிக்குப் பயணிகள்தான் தள்ளினார்கள். முந்நூறு பேர் மூச்சுச் சத்தம் கேட்காமல் நின்றார்கள்.

தவமணி கேட்டை அடைத்தாள். ஸ்டேஷனுக்குச் சொன்னாள். மகளைச் சுவரைத் தள்ளச் சொன்னாள், பத்து எண்ணினாள். மேலே இருக்கும் மூன்று பட்டனைப் போட்டாள். கையை எடுத்துக்கொண்டு, பச்சைக்கொடியோடு வாசலுக்கு வந்தாள். பாசஞ்சர் வந்தது, போயிற்று. அவள் சக்கரத்தில் கையை வைத்தாள்; சக்கரம் நின்றது.

அதிகாரி தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு அறைக்குள் பார்த்தார். மாரிச்செல்வி நான்காவது பட்டனைப் பிடித்தபடி, கதவு வழியாகத் தன்னையே பார்க்கும் முந்நூறு பேரின் அறுநூறு கண்ணையும் பார்த்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“இதுதானே? இதுக்குத்தானா இத்தனையும்?” என்றார் அதிகாரி. குனிந்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, பழகிய கை, நான்காவதையும் ஐந்தாவதையும் இரண்டே நொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “இப்பச் சுத்துங்கம்மா.”

“சுத்தாது சார்.”

“சுத்திப் பாருங்க.”

தவமணி சுற்றினாள். சுற்றவில்லை.

மாரிச்செல்வி அந்த இரண்டு பட்டனையும் குனிந்து பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் தப்பான ரயில் நம்பரைச் சொல்லிவிட்டதுபோலப் பார்த்தாள். பிறகு ஐந்தாவதைக் கழற்றினாள். நான்காவதைக் கழற்றினாள். அதோடு நிறுத்துவாள் என்று நினைத்த தவமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவதையும், இரண்டாவதையும், முதலாவதையும் கழற்றினாள். சட்டை முழுதாகத் திறந்துகொண்டது. கீழே இருந்து, தனக்குத் தெரிந்த ஐந்தாவதிலிருந்து, புதிதாக ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் வாசலைப் பார்த்தாள், கை நின்றுவிட்டது.

தவமணியின் வலது கை தானாக அறைப்பக்கம் நீண்டது. அவள் அதை இடது கையால் பிடித்துக் கொடிக்கம்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்புங்கப்பா!” என்றார் குருவையா. “பொம்பளைப் பிள்ளை சட்டை மாட்டிக்கிட்டு நிக்குது, என்ன வேடிக்கை வேண்டிக் கெடக்கு?”

அத்தனை நாளும் யாருக்கும் தோன்றாதது அது. முந்நூறு பேரும் வெட்கப்பட்டுத் திரும்பினார்கள். பூக்காரி திரும்பினாள், தனுஷ்கோடி திரும்பினார், பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சோடு திரும்பினார்கள்.

“சார், நீங்களும்தான்” என்றான் கண்டக்டர் வேலு.

அதிகாரியும் திரும்பி நின்றார். மேற்கே தூரத்தில் பக்கத்து ஊர் மில்லின் புகைபோக்கி தெரிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தவமணி சக்கரத்தில் கை வைத்தபடி தண்டவாளத்தைப் பார்த்தாள். ஐந்தாவது முடிந்திருக்கலாம், நான்காவது முடிந்திருக்கலாம், மூன்றாவதை அந்தக் கை இதுவரை போட்டதில்லை, இரண்டாவதையும் போட்டதில்லை, முதலாவது கழுத்துக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது, விரலைத் தவிர வேறு யாராலும் அதைப் பார்க்க முடியாது. முதுகுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போயிற்று, அறுபது பெட்டி. அது போன பிறகு இன்னும் அமைதியாயிற்று. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே டீ ஆற்றி, திரும்பிப் பார்க்காமலே கையிலிருந்து கைக்குக் கொடுத்துவிட்டார். அதிகாரியின் கைக்கும் ஒன்று வந்தது, குடித்தார். வெயில் ஏறி முதுகில் விழுந்தது. நாற்பத்தேழு நிமிடம் ஆயிற்று.

“கேட் அடைச்சாச்சா?” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

யாரும் அசையவில்லை.

“அடைச்சாச்சு.”

தவமணி வைத்திருந்த கைக்கு அடியில் சக்கரம் தானாகவே இளகியது. அவள் சுற்றினாள், கம்பம் இரண்டும் எழுந்தன. முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தபோது மாரிச்செல்வி வாசலில் நின்றாள். ஐந்து பட்டனும் போட்டிருந்தது, காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்யப் போன ஒருத்தியின் கையை, கூட்டத்தில் நின்றிருந்த எப்சிபா பிடித்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை, பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்பதால். வண்டிகளைக் கேட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினார்கள்.

அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“கேட் அறையில ஊழியர் அல்லாதவங்க இருக்கக்கூடாது. தெரியும்லா?”

“தெரியும் சார்.”

“இந்தப் பிள்ளை வெளிய இருந்தா கேட் திறக்குமா?”

“திறக்காது சார்.”

அதிகாரி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அவசரமில்லாமல், திருத்தமான எழுத்தில் எழுதினார்: ‘நேரில் பார்வையிட்டேன். கேட்டைத் திறப்பதற்குத் தேவைப்படாத ஆள் எவரும் கேட் அறையில் இல்லை.’ கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தோல் பையை எடுத்துக்கொண்டு டிராலியில் ஏறிப் போனார். மாற்றல் உத்தரவு அதற்குப் பிறகு வரவில்லை.

மறுநாளிலிருந்து சக்கரம் மற்ற ஊர்ச் சக்கரங்களைப் போலச் சுற்றியது. ரயில் வரும் முன்பே பட்டன் முடிந்துவிட்ட நாட்களும் உண்டு, முடியாத நாட்களும் உண்டு, இரண்டிலும் அது சுற்றியது. ஊருக்குத்தான் சில நாள் என்ன செய்வதென்று தெரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் திறக்கும் முன்பே போய்ப் பூட்டுக்கு முன்னால் நின்றார்கள், டீ மீந்தது, பூ கட்டாமலே கடைத்தெருவுக்குப் போயிற்று, அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளச் சந்தர்ப்பமில்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டியதாயிற்று. பிறகு அதுவும் பழகிவிட்டது. தை, மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்பு ஷூ கொடுத்தார்கள். முதல் திங்கட்கிழமை, ஏழு ஐம்பத்திரண்டு பாசஞ்சர் போன பிறகு, தவமணி ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு சக்கரத்துக்கு வந்தாள். வந்தவள் சக்கரத்தைத் தொடாமல், கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸின் கண்ணாடி வழியாகக் குருவையா பார்த்தார். கேட் அறைப் படியில் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் ஐந்து பட்டனும் போட்டிருந்தது. காலில் ஷூ, வலது ஷூவின் வெள்ளைக் கயிற்றை யாரோ முக்கால் முடிச்சுப் போட்டுவிட்டுக் கடைசி இழுப்பை மட்டும் விட்டிருந்தார்கள், அவள் அதன் இரண்டு காதையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் சுற்றுமா சுற்றாதா என்று குருவையா காத்திருக்கவில்லை. என்ஜினை அணைத்தார். சீட்டைப் பின்னால் சாய்த்தார்.

“வேலு, ரெண்டு டீ சொல்லு.”

வேலு எட்டிப் படியைப் பார்த்தான்.

“ஷூ ரெண்டுல்லா இருக்கு, அண்ணாச்சி” என்றான். “நாலாச் சொல்லுதேன்.”